எட்டி நின்றால் பெரிதாகும் மலை

வெளிநாட்டுப் பயணத்துக்கு எத்தனை லென்ஸ் வேண்டும்? பெட்டியில் எதை வைப்பது என்று யோசிக்கும் முன், அங்கே போய் எங்கே நிற்பது என்று யோசிப்பது நல்லது. ஜப்பானில் ஒரு மளிகைக் கடை சொல்லித் தரும் பாடம் இது.

கவாகுச்சிகோ ரயில் நிலையத்தருகே இருக்கும் லாசன் கடையில் விசேஷமாக எதுவும் கிடையாது. சோற்று உருண்டை, தேநீர் பாட்டில், குடை, பேட்டரி என்று ஜப்பான் முழுக்க இரவும் பகலும் திறந்திருக்கும் ஆயிரக்கணக்கான கடைகளில் விற்பதுதான் இங்கேயும் விற்கிறது. ஆனால் அதன் நீல நிறப் பலகைக்கு மேலே, கூரையில் உட்கார வைத்த மாதிரி, பனி மூடிய ஃபுஜி மலை தெரியும். அந்தக் காட்சியின் படம் சமூக வலைத்தளங்களில் பரவியது. அதே படம் தன் கேமராவிலும் வேண்டும் என்று உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

அந்தப் படத்துக்குச் சரியான இடம் கடை வாசல் அல்ல. சாலையின் எதிர்ப்பக்கம். அங்கே ஒரு பல் மருத்துவமனை இருந்தது. நோயாளிகளின் கார் நிற்க வேண்டிய இடத்தில் பயணிகளின் கார்கள் நின்றன. இன்னும் நல்ல கோணம் தேடிச் சிலர் மருத்துவமனைக் கூரை மீதே ஏறினார்கள். சிக்னலைப் பார்க்காமல் நடுச்சாலையில் ஓடியவர்கள் பலர். குப்பை வேறு. அறிவிப்புப் பலகைகள் வைத்துப் பார்த்தார்கள், காவலுக்கு ஆட்களை நிறுத்திப் பார்த்தார்கள். பலனில்லை. கடைசியில் 2024 மே 21 அன்று நகர நிர்வாகம் 20 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையை மறைத்தது. சில நாட்களுக்குள் வலையில் ஓட்டைகள் விழுந்தன. செல்போன் லென்ஸ் எட்டிப் பார்க்க அது போதும். ஆகஸ்டில், புயல் வரலாம் என்று வலையை இறக்கினார்கள்.

இதைப் படித்துவிட்டுச் சுற்றுலாப் பயணிகளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் உண்டு. பேசட்டும். ஆனால் அத்தனை பேரும் ஏன் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள் என்பதற்கு லென்ஸில்தான் விடை இருக்கிறது.

இழுத்து வருவது எது?

டெலி லென்ஸ் தொலைவில் உள்ள மலையைப் பக்கத்தில் இழுத்து வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கடைக்கு முன்னால் பத்து மீட்டர் தூரத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கடை கண்ணை நிறைக்கும், மலை கூரைக்குப் பின்னால் பதுங்கிவிடும். அவர் முப்பது மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்குகிறார். இப்போது கடை அவர் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். மலை? அதன் உச்சி சுமார் 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இருபது மீட்டர் பின்னால் வந்ததெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அது அப்படியே இருக்கிறது. கடை குட்டையாகிவிட்டதால் 3,776 மீட்டர் மலை திடீரென்று அதன் தலைக்கு மேல் எழுந்து நிற்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்தது கால். லென்ஸ் செய்யும் வேலை அடுத்தது. முப்பது மீட்டரில் 24 மில்லிமீட்டர் அகலக் கோண லென்ஸில் எடுத்தால் கடையும் மலையும் நடுவில் சின்னதாகக் கிடக்க, சுற்றிலும் தார்ச் சாலையும் மின்கம்பியும் ஆகாயமும் நிறைந்திருக்கும். 70 மில்லிமீட்டரில் எடுத்தால் வேண்டாதவை விளிம்புக்கு வெளியே போய்விடும். கடையும் மலையும் மட்டும் சட்டத்தை நிறைக்கும். ஆக, நிற்கும் தூரம்தான் ஒன்றுக்கொன்று என்ன அளவில் தெரியும் என்பதை நிர்ணயிக்கிறது. எவ்வளவு வெட்டி எடுப்பது என்பது லென்ஸின் பொறுப்பு. செல்போனிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு நண்பரைக் கோயில் கோபுரத்துக்கு முன் நிறுத்திப் பக்கத்திலிருந்து ஒரு படம், நாற்பது அடி பின்னால் போய் ஜூம் செய்து ஒரு படம். இரண்டிலும் நண்பர் ஒரே அளவில் இருப்பார். இரண்டாவதில் கோபுரம் பல மடங்கு பெரிதாகியிருக்கும்.

இது புரிந்தவருக்கு லென்ஸ் வாங்கும் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு லென்ஸை எடுத்துப்போகிறவர், தான் எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறார் என்பதையும் சேர்த்தே எடுத்துப்போகிறார். அந்தத் தூரத்தில் இருக்கும் இடம் பெரும்பாலும் வேறு யாருக்கோ சொந்தமானது.

பையில் மூன்று கிலோ

2024-ல் ஜப்பானுக்கு 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். அவர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். இப்போதெல்லாம் எந்தச் சுற்றுலாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். தோளில் பெரிய பை, அதில் முழு அளவு சென்சார் கேமரா, 24-70 ஜூம், 70-200 ஜூம், கூட ஒரு அகலக் கோண லென்ஸ். எஃப் 2.8 துவாரம் கொண்ட அந்த இரண்டு ஜூம்களும் கேமராவுமே சுமார் மூன்று கிலோ தேறும். பஸ் பத்து நிமிடம் நிற்கும் இடத்தில் இவர் குனிந்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். மனைவியும் பிள்ளைகளும் காட்சியைப் பார்த்து முடித்து, ஐஸ்கிரீமும் வாங்கித் தின்று, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் பை ஓட்டல் அறையிலேயே தங்கிவிடும். மிச்சப் பயணம் முழுக்க செல்போன் படங்கள்தான்.

ஜப்பான் கால்நடையாகப் பார்க்கும் நாடு. ரயில் நிலையங்களில் மாடிப்படிகள், கோயில்களில் கற்படிகள். ஃபுஜியோடு ஐந்தடுக்குக் கோபுரத்தையும் சேர்த்துப் படமெடுக்க ஆசைப்படுகிறவர் அரகுராயாமா பூங்காவில் 398 படி ஏற வேண்டும். மேலே போன பிறகு மூச்சிரைப்பு நிற்கும் வரை எந்த லென்ஸும் ஆடாமல் நிற்காது.

எனவே முதல் கேள்வி, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்பது. அகலக் கோணத்தில் பெரும்பகுதி வேலையைச் செல்போன் செய்துவிடும். இன்றைய போன்களின் பிரதான லென்ஸ் ஏறக்குறைய 24 மில்லிமீட்டருக்குச் சமம். பலவற்றில் அதைவிட அகலமான இன்னொன்றும் உண்டு. குறுகிய சந்து, கோயில் முற்றம், ஓட்டல் ஜன்னலிலிருந்து தெரியும் நகரம் எல்லாம் இதில் அடங்கும். ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. இதே லென்ஸில் முகத்தை அருகில் போய் எடுத்தால் மூக்கு முன்னே வந்துவிடும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் அத்தை அநியாயத்துக்கு அகன்றுபோவார்.

போன் திணறும் இடங்கள் இரண்டு. ஒன்று, தூரம். ஜூம் லென்ஸ் இல்லாத போனில் விரலால் பெரிதாக்குவது படத்தின் ஒரு மூலையை வெட்டி ஊதுவதுதான். இன்னொன்று, இருட்டில் நகரும் மனிதர்கள்.

இரண்டாவதுதான் பயணிகள் அதிகம் ஏமாறும் இடம். டோக்கியோவில் ஷின்ஜுகு ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. பெயர் ஒமொய்டே யோக்கோச்சோ. பத்துப் பேர் நெருக்கியடித்து உட்காரும் சிறு கடைகள், கோழித் துண்டுகளை வாட்டும் புகை, காகித விளக்குகள். கேமராவோடு கூடவே வரும் சாதாரண ஜூமின் நீண்ட முனையில் துவாரம் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஜூமில் பத்தில் ஒரு வினாடி தேவைப்படும் இடத்தில் இதற்கு நூறில் ஒரு வினாடி போதும். பத்தில் ஒரு வினாடிக்குள் அடுப்பின் முன் நிற்பவரின் கை நகர்ந்துவிடும். 'ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே' என்பார்கள். அது பிடிப்பவரின் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரே இருப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது.

50 எஃப் 1.8 பெரும்பாலான கம்பெனிகளின் விலைப் பட்டியலில் கீழ்க்கோடியில் இருக்கும் லென்ஸ். இருநூறு கிராமுக்குள்ளேயே கிடைப்பதும் உண்டு. சிறிய சென்சார் கொண்ட கேமரா வைத்திருப்பவர் 35 மில்லிமீட்டர் வாங்க வேண்டும். அதை ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய அதே பார்வை கிடைக்கும்.

மீதி இருப்பது ஒரே ஒரு பொது ஜூம். முழு அளவு சென்சாருக்கு 24-105 எஃப் 4, எடை எழுநூறு கிராம் அளவில். சிறிய சென்சாருக்கு 18-135 போன்றது. லாசன் கடை முதல் ஃபுஷிமி இனாரி வரை இதற்குள் அடங்கிவிடும். கியோத்தோவின் ஃபுஷிமி இனாரியில் மலையேறும் பாதை நெடுகிலும் ஆயிரக்கணக்கில் செந்நிற வாயில்கள். அவற்றை 24-ல் எடுத்தால் குகைக்குள் நடப்பது போலிருக்கும். ஒரு வளைவில் நின்று 105-ல் எடுத்தால் வாயில்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிவப்புச் சுவராகிவிடும். நடுவில் கறுப்பு எழுத்துக்களாகக் காணிக்கை தந்தவர்களின் பெயர்கள் தெரியும். 70-200 வேண்டவே வேண்டாமா? பறவை, விலங்கு, விளையாட்டு என்று போகிறவருக்கு வேண்டும். கென்யாவுக்குப் போகிறவருக்கு அதுவும் போதாது. கோயிலும் கடைத்தெருவும் பார்க்கப் போகிறவரின் தோளுக்கு அது பாரம்.

இந்தக் கணக்கில் சந்தேகம் உள்ளவர்களுக்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஒவ்வொரு டிஜிட்டல் படத்தோடும் அது எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் பதிவாகியிருக்கும். போன வருடத்துப் படங்களில் தனக்குப் பிடித்த ஐம்பதை எடுத்து அந்த எண்ணைப் பார்த்தால் போதும். பெரும்பாலும் இரண்டு மூன்று எண்களைச் சுற்றியே அவை இருக்கும். புதிய லென்ஸ் தேவை என்று தெரிந்தால் பெரிய நகரங்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் மாடவீதியிலோ மாட்டுங்கா மார்க்கெட்டிலோ சுற்றிவிட்டு வரவேண்டும். புது லென்ஸோடு பழகும் இடம் அந்நிய ஊர் அல்ல.

கருணைத் தெய்வத்தின் பெயரில்

ஜப்பானுக்குப் போகிற இந்தியர் பெரும்பாலும் ஜப்பானிய லென்ஸோடுதான் போகிறார். அந்தக் கதையில் ஓர் இந்திய இழையும் உண்டு. டோக்கியோவில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் 1934-ல் ஒரு கேமராவை உருவாக்கி அதற்கு 'குவானன்' என்று பெயரிட்டது. கன்னோன் என்று ஜப்பானியர் வணங்கும் கருணைத் தெய்வத்தின் பெயர் அது. நம் ஊர் அவலோகிதேஸ்வரர். அதன் லென்ஸுக்கு வைத்த பெயர் புத்தரின் சீடரான மகாகாசியபரை நினைவுபடுத்தும் 'காஸ்யபா'. குவானன்தான் பின்னர் 'கேனன்' ஆயிற்று. விற்பனைக்கு வந்த முதல் கேனன் கேமராவில் பொருத்தியிருந்த லென்ஸ் அவர்களுடையதல்ல என்பது இன்னொரு வேடிக்கை. நிக்கான் என்று பின்னாளில் பெயர் பெற்ற, இன்று அவர்களின் பரம போட்டியாளரான நிறுவனம் செய்து தந்த நிக்கோர் லென்ஸ் அது.

அந்த லென்ஸ்கள் வெளியுலகில் பெயர் எடுத்தது 1950-ல். அமெரிக்காவின் 'லைஃப்' இதழுக்காக டோக்கியோ வந்திருந்த டேவிட் டக்ளஸ் டங்கனுக்கு ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜுன் மிக்கி ஒரு 85 மில்லிமீட்டர் நிக்கோர் லென்ஸைக் காட்டினார். டங்கன் அதன் துல்லியத்தைப் பார்த்து வியந்து, தன் ஜெர்மன் லைகா கேமராவில் நிக்கோர்களை மாட்டிக்கொண்டு கொரியப் போர்முனைக்குப் போனார். அந்தப் படங்களின் தெளிவு நியூயார்க்கில் பேச்சானது. அதுவரை ஜப்பானியச் சரக்கு என்றால் மலிவு என்று நினைத்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்றும் ஷின்ஜுகுவின் பழைய கேமராக் கடைகள் ஆசைப்படுபவர்களுக்குச் சொர்க்கம். கைமாறிய லென்ஸ் வாங்குபவர் டார்ச் விளக்கை அதன் வழியாக அடித்து, உள்ளே சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுக் கேமரா வாங்குபவர் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாட்டுக்கென்றே விற்கும் சில மாடல்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். சொந்தக் கேமராவை எடுத்துப்போகிறவர் புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது இது பழையதுதான் என்று வாதாட வேண்டியதில்லை. உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

எதிரே இருப்பவர்

இனி, லென்ஸின் மறுமுனை. கியோத்தோவின் கியோன் பகுதியில் கெய்கோ என்னும் கலைஞர்களும், அவர்களிடம் பயிலும் மைக்கோ எனப்படும் இளம்பெண்களும் மாலையில் தேநீர் விடுதிகளுக்கு நடந்து போவார்கள். ஆடலும் இசையும் அவர்களுடைய தொழில். அது அவர்கள் வேலைக்குப் போகும் நேரம். அகலக் கோண லென்ஸ் வைத்திருப்பவருக்கு முகம் பெரிதாக விழ வேண்டுமானால் ஓரடி, இரண்டடி நெருங்க வேண்டும். நெருங்கினார்கள். வழியை மறித்தார்கள், கிமோனோவின் கையைப் பிடித்து இழுத்தவர்களும் உண்டு. 2019-ல் அங்கே தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை வந்தது. மீறினால் 10,000 யென். 2024-ல் அந்தச் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே கூடாது என்று பலகை வைத்தார்கள். ஹனாமிகோஜி என்ற பொதுச் சாலை மட்டும் திறந்திருக்கிறது.

அப்படியானால் தூரத்திலிருந்து 200 மில்லிமீட்டரில் எடுத்தால் நல்லதா? வழி மறிப்பது நிற்கும், வாஸ்தவம். ஆனால் எடுக்கப்படுபவருக்குத் தெரியாமலே அவர் முகம் இன்னொருவரின் பைக்குள் போய்விடும். யாருடைய முகத்தையும் அவர் ஒப்புதலின்றிக் காரணமில்லாமல் படமெடுக்காதிருக்க வேண்டும் என்பதை ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 1969-லேயே ஒரு தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. போலீஸ்காரர் ஒருவர் கியோத்தோ ஊர்வலத்தைப் படமெடுத்தது பற்றிய வழக்கு அது. குற்ற விசாரணை போன்ற அவசியங்களுக்கு விலக்கு உண்டு என்றும் நீதிமன்றம் சொன்னது. சுற்றுலா அந்த விலக்கில் வராது. ஜப்பானில் விற்கும் செல்போன்களில் படமெடுக்கும் சத்தத்தை அணைக்க முடியாதபடி வைத்திருப்பதும் இந்த எண்ணத்தில்தான்.

நெருங்கிப் போவதும் தவறு, தள்ளி நிற்பதும் தவறு என்றால் மனிதர்களையே எடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். எடுக்கலாம். அதற்குத்தான் அந்தச் சின்ன 50. அந்த லென்ஸில் ஒருவரின் தலையும் தோளும் நன்றாக விழ வேண்டுமானால் நாலைந்து அடி தூரத்தில் நிற்க வேண்டும். இரண்டு பேர் நின்று பேசிக்கொள்ளும் தூரம் அது. ஒளிந்து எடுக்கவும் முடியாது, முகத்தில் இடிக்கவும் தேவையில்லை. "ஷாஷின், ஈ தெஸ் கா?" என்று கேட்டால் போதும். 'படம் எடுக்கலாமா' என்று அர்த்தம். கோழி வாட்டும் கடைக்காரர் தலையசைத்தால் எடுக்கலாம். கையைக் குறுக்கே ஆட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகரலாம். ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகு கேட்டால் தலையசைக்கும் வாய்ப்பு அதிகம்.

லாசன் கடைக்கு எதிரிலும் இதே கணக்குத்தான். மலை ஒன்றும் ஓடிவிடப் போவதில்லை. குளிர்காலக் காலை நேரங்களில் மேகமின்றி நன்றாகவே தெரியும். கோடையில் நாள் கணக்கில் முகம் காட்டாது. நடைபாதையில் நின்று, கடந்து போகிறவருக்கு வழி விட்டு, ஒரு ஜூமைச் சற்றுத் திருகினால் படம் கிடைத்துவிடும். அதற்காகப் பல் வலியோடு வருகிறவரின் வழியை அடைக்க வேண்டியதில்லை.

கியோத்தோவிலேயே சஞ்சுசங்கென்தோ என்று ஒரு கோயில் இருக்கிறது. 1266-ல் திரும்பக் கட்டிய, சுமார் 120 மீட்டர் நீளமுள்ள மரக் கூடம். உள்ளே நடுவில் பெரிய கன்னோன் சிலை ஒன்று, இரு பக்கமும் வரிசை வரிசையாக ஆள் உயரத்தில் இன்னும் ஆயிரம் கன்னோன்கள். எந்தக் கருணைத் தெய்வத்தின் பெயரைக் கேமராவுக்கு வைத்தார்களோ அதே தெய்வம் ஆயிரத்தொரு வடிவில் நிற்கும் அந்தக் கூடத்துக்குள் படமெடுக்க அனுமதி இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேமராவையும் பைக்குள் வைத்துவிட வேண்டும். பை கனமாக இருந்தால் கூடத்தின் மறுகோடிக்கு நடப்பதற்குள் தோள் வலிக்கும். இரண்டு லென்ஸோடு வந்தவர் ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு போகலாம்.